கம்பம்மெட்டுக்கு இருபுறமும் உள்ள சுகாதாரத் துறைகளுக்கு ஒரு திறந்த மடல்

தமிழ்நாடு, கேரள மாநிலங்களின் சுகாதாரத் துறை அமைச்சர்களுக்கும் அதிகாரிகளுக்கும் வணக்கம்.

விடிவதற்கு முன்பே, இரு மாநில எல்லையான கம்பம்மெட்டு மலைப்பாதையில் ஜீப்புகள் ஏறத் தொடங்கிவிடும். இடுக்கி ஏலத்தோட்டங்களுக்குக் கூலி வேலைக்குப் போகும் தேனி மாவட்டத்துப் பெண்கள் அதில் நெருக்கியடித்து உட்கார்ந்திருப்பார்கள். என் அக்காவும் அப்படிப் போனவள்தான். பிறகு வண்டன்மேடு பக்கமே கட்டிக்கொடுத்தோம். தோட்டத் தொழிலாளர்களுக்கான வரிசை வீடுகளில், அதாவது லயத்தில் வீடு, ரேஷன் கார்டு கேரளத்தில். நான் கம்பத்தில் இருக்கிறேன்.

முதல் காமாலை வந்தபோது அவளுக்கு 34 வயது. கீழாநெல்லி அரைத்துக் கொடுத்தோம், பத்தியம் இருந்தாள், கண் தெளிந்தது. ஆறு மாதத்தில் திரும்ப வந்தது. கூடவே மூட்டுவலி, தீராத அசதி. ஈரலைத் தாக்கும் ஹெபடைடிஸ் பி, சி வைரஸ் இரண்டும் இல்லை என்று பரிசோதனையில் வந்ததும் சத்து மாத்திரை எழுதி அனுப்பிவிட்டார்கள். அடுத்த இரண்டு வருடத்தில் வயிற்றில் நீர் கோத்துக்கொண்டது. பெரிய ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு ஓடினோம். அங்கே கேட்ட முதல் கேள்வி, "குடிக்கிற பழக்கம் உண்டா?" சாராய வாடைக்கே முகம் சுளிக்கிற அக்கா அன்று அழுததை என்னால் மறக்க முடியாது.

அவளுக்கு இருந்தது ஆட்டோஇம்யூன் ஹெபடைடிஸ். நோயை எதிர்க்க வேண்டிய உடம்பே தன் கல்லீரலைத் தாக்குகிற நோய். இது வருகிறவர்களில் நான்கில் மூன்று பேர் பெண்கள். ஏ.என்.ஏ., ஐ.ஜி.ஜி. போன்ற ரத்தப் பரிசோதனைகளும், ஈரலில் ஊசி போட்டு எடுக்கும் துளி சதையும் இதைக் காட்டிக்கொடுத்துவிடும். பிரெட்னிசோலோன், அசதயோப்ரின் என்ற இரண்டு மாத்திரைகள் பெரும்பாலானவர்களுக்கு இதை அடக்கி வைக்கும். 1970-களிலிருந்து கொடுத்துவரும் மருந்துகள்தான், விலையும் அதிகமில்லை. அக்காவுக்கு அவை கிடைக்கும்போது ஈரல் முழுக்கத் தழும்பேறிச் சுருங்கியிருந்தது. மாற்று அறுவை ஒன்றுதான் மிச்சம்.

நான் கொடுத்தேன். வலது பக்கத்து ஈரல். எனக்குள் மீதியிருக்கும் ஈரல் சில மாதங்களில் வளர்ந்துவிடும் என்று மருத்துவர்கள் சொன்னபடியே வளர்ந்தும்விட்டது. இந்த நோய்க்காக ஈரல் மாற்றிக்கொண்டவர்களில் நூற்றுக்கு 75 பேருக்கு மேல் ஐந்து ஆண்டுகளைத் தாண்டி வாழ்கிறார்கள். அறுவைக்கு நான் பயப்படவில்லை. காகிதத்துக்குத்தான் பயந்தேன். அவள் முகவரி ஒரு மாநிலம், என் முகவரி இன்னொரு மாநிலம். கூடப்பிறந்தவர்கள்தான் என்பதற்கு இந்தப் பக்கம் ஒரு சான்று, அந்தப் பக்கம் ஒரு சான்று என்று மச்சானும் நானும் 11 நாள் மலை ஏறி இறங்கினோம். உறுப்பு வியாபாரம் நடக்கக்கூடாது என்பதற்குத்தான் இந்தச் சோதனை, அது தேவைதான். ஆனால் அந்த 11 நாளில் அவளுக்கு இரண்டு முறை நினைவு தப்பியது. எல்லைத் தாலுகாக்களிலாவது இரு மாநில வருவாய்த் துறையும் நேரடியாகப் பேசி, ஒரே நாளில் சரிபார்க்க வழி செய்யுங்கள்.

அதைவிட முக்கியமாகக் கேட்பது, எங்கள் பக்கத்துத் தாலுகா மருத்துவமனைகளில் அந்த ரத்தப் பரிசோதனை. வைரஸ் இல்லாமல் காமாலை திரும்பத் திரும்ப வருகிற பெண்ணைச் சத்து மாத்திரையோடு அனுப்பாதீர்கள். நோய் தெரிந்தவர்களுக்கு, அட்டை எந்த மாநிலத்துடையது என்று பார்க்காமல், பக்கத்து ஆரம்ப சுகாதார நிலையத்திலேயே மாத்திரை கிடைக்கட்டும். ஈரல் மாற்றியவர்களுக்கும் இதே பாடுதான். அக்கா காலை எட்டுக்கும் இரவு எட்டுக்கும், புது ஈரலை உடம்பு ஒதுக்கிவிடாமல் தடுக்கும் டாக்ரோலிமஸ் மாத்திரை போடுகிறாள், ஆயுள் முழுக்கப் போட வேண்டும். புது ஈரலிலும் இந்த நோய் திரும்ப வரலாம். மழையில் மலைப்பாதை அடைபட்டால் மாத்திரைக்கு என்ன செய்வது என்று ஒவ்வொரு ஆடி மாதமும் கவலைப்படுகிறோம்.

அவள் லயத்தில் 19 வயதுப் பெண் ஒருத்திக்கு இப்போது இரண்டாவது தடவையாகக் காமாலை. வீட்டில் கீழாநெல்லிதான் அரைத்துக்கொண்டிருந்தார்கள். அக்காதான் விடாமல் பேசிச் சம்மதிக்க வைத்தாள். போன வாரம் ரத்தம் கொடுக்க அவளை மதுரை வரை கூட்டிக்கொண்டு போனோம். முடிவு இன்னும் வரவில்லை.

இப்படிக்கு,
அக்காவுக்கு ஈரல் கொடுத்த தம்பி,
கம்பம்