ஏழடிப்பட்டத்தில் ஸ்பீக்கர் வேண்டாம்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

போன ஞாயிற்றுக்கிழமை அப்பாவைக் கூட்டிக்கொண்டு சித்தன்னவாசல் போயிருந்தேன். புதுக்கோட்டையிலிருந்து 15 கிலோமீட்டர் சொச்சம்தான். ஆனால் 70 வயதாகியும் அவர் அங்கே சமண முனிவர்கள் தங்கியிருந்த குகையான ஏழடிப்பட்டத்துக்கு ஏறியதே இல்லை. எப்போது போனாலும் பாறையைக் குடைந்து செய்த அறிவர் கோயிலில் அந்தத் தாமரைக்குளத்து ஓவியத்தை அண்ணாந்து பார்த்துவிட்டு அப்படியே திரும்பிவிடுவாராம். எங்கள் ஊர்க்காரர்கள் நிறையப் பேர் அப்படித்தான்.

மேற்குப் பக்கம் ஏறி, குன்றைத் தாண்டி அந்தப்புறம் இறங்கினால்தான் குகை. பெரிய பாறை கூரை மாதிரிக் கவிந்திருக்கிறது, அதன் கீழே 17 படுக்கைகள். கல்லை வழவழவென்று தேய்த்து, தலைமாட்டில் மட்டும் தலையணை போலச் சற்று உயர்த்தி விட்டிருக்கிறார்கள். இருப்பதிலேயே பெரிய படுக்கையின் ஓரத்தில் தமிழ் பிராமி என்ற பழைய தமிழ் எழுத்து இருக்கிறது. எருமை நாட்டில் பிறந்த ஒரு முனிவருக்காக இளையர் என்பவர் செய்துகொடுத்த அதிட்டானம், அதாவது இருக்கை, என்று சொல்கிறது. வெட்டி 2000 வருடம் ஆகியிருக்கும். மற்ற சில படுக்கைகளின் பக்கத்தில் திருநீலன், திருச்சாத்தன் என்று பிற்காலத்தில் வெட்டிய பெயர்களும் உண்டு. பெயர் தெரிந்த மனிதர்கள் வெறுங்கல்லில் படுத்து நோன்பிருந்த இடம் என்று நினைத்தபோது எனக்கு உடம்பு சிலிர்த்தது.

அப்பா கண்ணை மூடிக்கொண்டு கொஞ்ச நேரம் நிற்க ஆசைப்பட்டார். முடியவில்லை. நாலைந்து இளைஞர்கள் ப்ளூடூத் ஸ்பீக்கரில் சினிமாப் பாட்டைச் சத்தமாக வைத்திருந்தார்கள், பாறை அதை இரண்டு மடங்காகத் திருப்பி அடிக்கிறது. தயங்கித் தயங்கித்தான் போய்ச் சொன்னேன், தம்பி, இது சாமியார்கள் தவம் செய்த இடம்ப்பா என்று. உடனே நிறுத்திவிட்டார்கள். "இது யாரு படுத்த இடம் அண்ணே?" என்று ஒருவர் கேட்க, அப்புறம் ஆளாளுக்கு அந்த எழுத்து எங்கே இருக்கிறது என்று கம்பித் தடுப்புக்கு வெளியே நின்று தேட ஆரம்பித்துவிட்டார்கள். அவர்கள்மேல் எனக்குக் கோபமே இல்லை, அவர்களிடம் அதுவரை யாரும் சொல்லவில்லை, அவ்வளவுதான்.

அதனால் பொறுப்பில் இருப்பவர்களுக்கு ஒரே வேண்டுகோள். டிக்கெட் கொடுக்கும்போதே, மேலே பாட்டு போடாதீர்கள் என்று ஒரு வார்த்தை சொல்லுங்கள். ஏறும் இடத்தில், அந்த 17 படுக்கையில் யார் இருந்தார்கள் என்று பெரிய எழுத்தில், நல்ல தமிழில் நாலு வரி எழுதி வையுங்கள்.

ஒரு வாசகர்,
புதுக்கோட்டை