கல்வெட்டு காணாத 48 பேர்: உறவுகளுக்கு ஒரு வேண்டுகோள்

சிவமயம்

அன்புடையீர், வணக்கம்.

நேரே விஷயத்துக்கு வருகிறோம். அச்சகத்தார் ஆனி மாதக் கடைசி வரை தவணை கொடுத்திருக்கிறார். அதற்குள் மீதி 42,500 ரூபாயைக் கட்டினால்தான் ஆடி அமாவாசைக்குப் புத்தகம் கைக்கு வரும். கல் கொத்துகிறவருக்குப் பாதிப் பணம் பாக்கி. எங்கள் கையிருப்போ 16,200 ரூபாய்.

இலங்கையின் நெடுந்தீவில் பிறந்து, கடலே இல்லாத இந்த வேலூர் மண்ணில் கண்ணை மூடிய நம்மவர் 48 பேருக்கான புத்தகம் அது.

கல்வெட்டு என்றால் தமிழ்நாட்டு உறவுகளுக்குக் கோயில் சுவர்தான் நினைவுக்கு வரும். எங்கள் பக்கத்தில் அந்தச் சொல்லுக்கு இன்னொரு பொருளும் உண்டு. ஒருவர் காலமானால் 31ஆம் நாள் அந்தியேட்டி. அன்று வீட்டுக்கு வருகிற எல்லோர் கையிலும் ஒரு சிறு புத்தகம் கொடுப்பார்கள். அட்டையில் அவருடைய படம் இருக்கும். உள்ளே பிறந்த இடம், தாய் தகப்பன், கலியாணம் கட்டிய இடம், பிள்ளைகள், வம்ச வழி, செய்த தொழில், அவர் போன திதியைச் சொல்லும் வெண்பா, பிள்ளைகளும் பேரப்பிள்ளைகளும் புலம்புவதாக எழுதிய பாட்டு, கடைசியில் தேவாரமும் சிவபுராணமும். இதற்குத்தான் கல்வெட்டு என்று பெயர். வசதியில்லாத வீட்டிலும் கடன்பட்டாவது நாலு பக்கம் அடிப்பார்கள். ஐந்து தலைமுறைக் கல்வெட்டுகளைப் பெட்டகத்துக்குள் பட்டுத்துணியில் சுற்றி வைத்திருந்த வீடுகள் எங்கள் ஊரில் இருந்தன.

இங்கே அகதி முகாமில் காலமானவர்களுக்கு அது நடக்கவில்லை. பத்துக்குப் பத்து அறைக்குள் பிரேதத்தைக் கிடத்தினால் அழுகிறவர்கள் நிற்க இடமில்லாத காலம். எரித்து, சாம்பல் அள்ளி, எட்டாம் நாள் சடங்கான எட்டுச் செலவு முடிப்பதற்குள் கையில் இருந்ததெல்லாம் போய்விடும். அந்தியேட்டியை ஒரு தேங்காய், ஒரு படி அரிசியோடு முடித்தவர்கள் உண்டு. முடியாமல் விட்டவர்களும் உண்டு. யாரையும் குறை சொல்லவில்லை. அந்த வீடுகளில் எங்கள் வீடுகளும் இருந்தன.

ஒரே ஒருவர் மட்டும் எழுதி வைத்தார். ஊரில் கூட்டுறவுக் கடையில் கணக்கு எழுதியவர், எங்கள் எல்லோருக்கும் அப்பு. 80 பக்கப் பள்ளிக்கூட நோட்டு ஒன்றில் பென்சிலால் வரிசையாக எழுதியிருக்கிறார். தேதி, திதி, பெயர், ஊரில் எந்த வட்டாரம், யாருடைய மகன், யாருடைய பெண்சாதி. பக்கத்தில் சின்ன எழுத்தில் குறிப்பு: "அந்தியேட்டி இல்லை", "படம் இல்லை", "மகன் பாரிசில், தந்தி கொடுத்தது, வரவில்லை." 2023 செப்டம்பரில் மேல்மொணவூரில் புது வீடுகள் திறந்த பிறகு, பழைய சாமான்களை மாற்றும்போதுதான் அவருடைய தகரப்பெட்டி அடியில் இந்த நோட்டு கிடைத்தது. ஓரத்தைக் கறையான் அரித்திருந்தது. கடைசிப் பதிவுக்குக் கீழே அவரே தன் பெயரையும் எழுதி, தேதிக்கு இடம் விட்டிருந்தார். அந்த இடத்தை அவருடைய மகள் நிரப்பினார்.

அன்றைக்கு நாங்கள் ஏழு பேர் அந்த வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்து கதைத்ததுதான் இந்தக் குழு. 48 பேருக்கும் சேர்த்து ஒரே கல்வெட்டு, பெயர்கள் பொறித்த ஒரு கருங்கல் பலகை, ஆடி அமாவாசையன்று ஒரு பொதுப் படையல். இவ்வளவுதான் திட்டம்.

நம் ஊரைப் பற்றிப் பிள்ளைகளுக்கு எதுவும் தெரியவில்லை என்று பெரியவர்கள் வருந்துவதால் புத்தகத்தின் முதல் 16 பக்கத்தை ஊருக்கே கொடுத்திருக்கிறோம். சப்த தீவுகள் என்கிற யாழ்ப்பாணத்து ஏழு தீவுகளில் கரைக்கு மிகத் தள்ளி நிற்பது நெடுந்தீவு. குறிகட்டுவான் துறையில் படகேறினால் ஒரு மணி நேரம். வெடியரசன் கோட்டை, ஒல்லாந்தர் கோட்டை என்று சொல்லும் இடிபாடுகள் உள்ள ஊர். ஒல்லாந்தர்கள் தங்கள் நாட்டு நகரம் ஒன்றின் பெயரையே எங்கள் தீவுக்கு வைத்து டெல்ஃப்ட் என்றார்கள். நாங்கள் கடைசி வரை நெடுந்தீவு என்றுதான் சொன்னோம். சாந்து இல்லாமல் முருகைக்கல்லை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கிக் கட்டிய வேலி, கைகோத்து நின்றாலும் அணைக்க முடியாத பெருக்கமரம், வெட்டவெளியில் தன்பாட்டில் மேயும் மட்டக்குதிரைகள். கச்சதீவு அந்தோனியார் திருநாளுக்கு நம் ஊர்ப் படகுகள்தான் பக்கத்தில் இருந்து போகும்.

1964இல் உலகத் தமிழாராய்ச்சி மன்றம் உருவாக முன்னின்று, 1966இல் கோலாலம்பூரில் முதல் உலகத் தமிழ் மாநாட்டைக் கூட்டிய தனிநாயகம் அடிகளாரின் தகப்பனார் நெடுந்தீவுக்காரர். இதைச் சொல்லாமல் எங்கள் பெரியவர்கள் யாரும் பேச்சை முடித்ததில்லை. அவர்களுக்காக அதை இங்கே இன்னொரு முறை சொல்கிறோம்.

1985 மே 15 அன்று, எங்கள் தீவுக்கு ஓடிய குமுதினிப் படகில் வெட்டிக் கொல்லப்பட்டவர்களை ஊர் ஆண்டுதோறும் நினைக்கிறது. அவர்களுடைய பெயர்கள் ஊரோடு இருக்கின்றன. அந்தச் சாவுகளுக்குப் பயந்து படகேறி, மண்டபம் முகாமில் பதிவு செய்து, இங்கே அனுப்பப்பட்டு, இருபது முப்பது வருடம் கழித்து நோயிலும் முதுமையிலும் போனவர்களுக்கு எந்த ஊரிலும் கல் இல்லை. ஊருக்கு அவர்கள் போய்விட்டவர்கள், இந்த ஊருக்கோ வந்தவர்கள்.

வேலூரில் இருக்கும் நாம் தினமும் கண்ணால் பார்க்கிற ஒன்றைச் சொல்ல வேண்டும். கண்டியின் கடைசி அரசன் ஸ்ரீ விக்கிரம ராஜசிங்கனை 1815இல் பிடித்து, 1816இல் வேலூர்க் கோட்டைக்குக் கொண்டுவந்தார்கள். 1832 ஜனவரி 30இல் இங்கேயே இறந்தான். பாலாற்றங்கரையில் அவனுக்கு முத்து மண்டபம் இருக்கிறது. தமிழ்நாடு அரசு 1990இல் எழுப்பியது. கடல் கடந்து வந்து இந்த மண்ணில் செத்த ஒருவனுக்கு வேலூர் கல் வைத்திருக்கிறது. அதே கடலைக் கடந்து வந்த நம் ஆச்சிமாருக்கும் அப்புமாருக்கும் ஒரு பலகை வைக்க நாம் யாரிடம் போய் நிற்பது? நம்மிடமேதான்.

செலவை ஒளிவுமறைவில்லாமல் சொல்கிறோம். 112 பக்கம், 500 பிரதி, ஒன்றுக்கு 185 ரூபாய் வீதம் அச்சும் பைண்டிங்கும் 92,500. தட்டச்சும் பக்க வடிவமைப்பும் 14,000. பழைய படங்கள் 31, ஒன்றுக்கு 300 வீதம் சீர்செய்தது 9,300. கருங்கல் பலகையும் எழுத்து வெட்டும் கூலியும் 46,000. அமாவாசைப் படையலும் சாப்பாடும் 24,200. மொத்தம் 1,86,000 ரூபாய். இதுவரை வந்தது 1,12,500. குறைவு 73,500. சமுதாயக் கூடத்துச் சுவரோரம் பலகை நிறுத்த அனுமதி வாங்கியாயிற்று. அதற்குக் காசு செலவாகவில்லை.

கொடுத்தவர்களுக்கு நன்றி சொல்ல வார்த்தை போதாது, ஆனாலும் சொல்ல வேண்டும். முதல் நன்கொடை பெயிண்டிங் வேலைக்குப் போகிற ஐந்து பெடியன்களுடையது. ஒரு நாள் கூலியை அப்படியே, சுண்ணாம்பு ஒட்டிய நோட்டுகளாகக் கொண்டுவந்து வைத்தார்கள். குடியாத்தத்தில் இருந்து ஒரு தாயார், பேத்தியின் காதுகுத்துக்குச் சேர்த்த பணத்தில் 2,000 கொடுத்தார். திருப்பிக் கொடுக்கப் பார்த்தோம், வாங்கவில்லை. கனடாவிலும் பிரான்சிலும் இருக்கிற ஆறு குடும்பங்கள் சேர்ந்து 60,000 அனுப்பின. ஊர்க்காரர்கள் அல்லாதவர்களும் கொடுத்தார்கள். நேதாஜி மார்க்கெட்டில் மூட்டை தூக்குகிற ஓர் அண்ணன், முகாமில் யாரையும் தெரியாதவர், 500 ரூபாயைக் கொடுத்துவிட்டு, "எங்க ஆயாவுக்கும் ஒரு போட்டோ இல்லைங்க" என்று மட்டும் சொன்னார். தையற்கடை வைத்திருக்கும் இஸ்லாமியச் சகோதரர் ஒருவர் எல்லாப் பிரதிக்கும் துணி நாடாவைத் தன் செலவில் தருவதாக ஏற்றிருக்கிறார். கல்லூரியில் படிக்கிற நம் பிள்ளைகள் நான்கு பேர் ஒவ்வொரு வீடாகப் போய்ப் பெரியவர்கள் சொன்னதைக் கேட்டு எழுதினார்கள். அவர்கள் எழுதும்போதே இரண்டு பெரியவர்கள் காலமாகிவிட்டார்கள். 46ஆக இருந்த கணக்கு 48 ஆனது அப்படித்தான்.

ஒட்டிக்கொண்டிருந்த படங்களைப் பிரிப்பதற்கே ஒரு மாதம் ஆயிற்று. தண்ணீரில் ஊறவைத்து, ஓரத்தில் இருந்து நகத்தால் மெல்ல மெல்ல எடுத்தார்கள். ஒரு படத்தில் முகம் முழுக்கப் போய், தோளில் கிடந்த துவாய் (துண்டு) மட்டும் மிஞ்சியது. அந்தத் துவாயைப் பார்த்தே "இது எங்கட ஐயா" என்று ஒரு மகள் சொன்னார். அந்தப் படத்தையும் அப்படியே போடுகிறோம்.

இனிச் சொல்வது சிலருக்குக் கசக்கலாம். பெயரும் தொகையும் எழுதிக் கொடுத்துவிட்டு இன்னும் தராதவர்கள் 11 பேர். உங்கள் கஷ்டம் தெரியாதவர்கள் அல்ல நாங்கள். ஆனால் அந்தத் தொகையை நம்பித்தான் அச்சகத்தில் கையெழுத்துப் போட்டோம். முழுதும் முடியாவிட்டால் பாதி கொடுங்கள். அதுவும் முடியாவிட்டால் வந்து சொல்லிவிடுங்கள், கணக்கைத் திருத்திக் கொள்கிறோம். இந்த 48 பேரில் உங்கள் வீட்டுச் செத்தவீட்டில் பாடை தூக்கியவர்கள் இருக்கிறார்கள். இரவு முழுக்க விழித்திருந்து தேத்தண்ணீர் ஊற்றிக் கொடுத்தவர்கள் இருக்கிறார்கள். உங்கள் பிள்ளைப்பேற்றுக்கு ஆஸ்பத்திரி வாசலில் குந்தியிருந்தவர்கள் இருக்கிறார்கள். செத்தவீட்டுக்கு யாரும் அழைப்பு வைத்துக் கூப்பிடுவதில்லை; கேள்விப்பட்டால் வருவதுதான் முறை. இதையும் அப்படியே எடுத்துக்கொள்ளுங்கள்.

வெளிநாட்டில் இருக்கிற பிள்ளைகளுக்குத் தனியாக ஒரு வார்த்தை. உங்களில் சிலருடைய தாயாருக்குக் கொள்ளி வைத்தது பக்கத்து வீட்டுப் பெடியன். அதற்கு அவன் உங்களிடம் எதுவும் கேட்டதில்லை. இப்போது நாங்கள் கேட்கிறோம்.

100 ரூபாய் என்றாலும் ரசீது உண்டு. கொடுத்தவர் பெயர்கள் அகர வரிசையில் வரும், தொகை போடமாட்டோம். வேதக்கார (கிறிஸ்தவ) குடும்பத்தினர் 9 பேருக்குச் சிவபுராணப் பக்கத்துக்கு முன்னால் மரித்தோர் மன்றாட்டு தனியாக அச்சாகிறது. இதுபற்றி வந்த மனத்தாங்கல் பேசித் தீர்ந்துவிட்டது. பணம் செலுத்தும் விவரத்தைக் குழுப் பொருளாளரிடம் நேரில் பெற்றுக்கொள்ளுங்கள். கணக்கு நோட்டு சமுதாயக் கூடத்தில் ஞாயிறுதோறும் திறந்திருக்கும்.

ஆடி அமாவாசை காலை ஆறு மணிக்குப் பாலாற்றில் தர்ப்பணம். ஆற்றில் தண்ணீர் இருக்காது, குடத்தில் கொண்டுபோகிறோம். பத்து மணிக்குப் பலகை திறப்பு, பிறகு பெயர்களை ஒவ்வொன்றாக வாசிப்பு, மதியம் படையல். கசப்புக் காயான காத்தோட்டிக்காய் கிடைத்தால் வைப்போம், கிடைக்காவிட்டால் பாகற்காய்தான். நயினாதீவு நாகபூசணி அம்மன் துணையிருப்பாள்.

கடைசியாக, பணம் கொடுக்க முடியாதவர்களும் தரக்கூடிய ஒன்று இருக்கிறது. 17 பேருக்குப் படம் இல்லை. பழைய கலியாணப் படத்தின் மூலையில், கோயில் திருவிழாக் கூட்டத்தில், யாருடைய தோளுக்குப் பின்னாலாவது நின்றிருந்தாலும் போதும், கொண்டுவாருங்கள். நோட்டில் 23ஆவது பெயர் ஓர் ஆச்சியுடையது. நெடுந்தீவு மேற்கு, கணவன் கடலில் போனவர், பிள்ளையில்லை. இங்கே ஓலை கிடைக்காத நாட்களில் பொதி கட்டும் பிளாஸ்டிக் நாடாவை எடுத்துக் கடகம் (கூடை) பின்னி முகாமுக்கெல்லாம் கொடுத்தவர். அந்தக் கடகங்கள் மூன்று வீடுகளில் இன்றும் புழக்கத்தில் இருக்கின்றன. அவருடைய தகப்பன் பெயர் மட்டும் யாருக்கும் தெரியவில்லை. புத்தகத்தில் அந்த வரிக்கு இடம் விட்டிருக்கிறோம். தெரிந்தவர்கள் ஆனி கடைசிக்குள் சொல்லுங்கள்.

இப்படிக்கு,
கல்வெட்டுக் குழுவினர், வேலூர்