நாலாம் வசனம்

காட்பாடி,
ஞாயிறு மாலை.

அன்புள்ள சிநேகிதிக்கு,

ஸ்தோத்திரம். உன் கடுதாசி புதன்கிழமை வந்தது. இந்தக் காலத்திலும் கையால் எழுதிப் போட உன்னை விட்டால் எனக்கு ஆளில்லை. சர்க்கரை ஏறிக்கொண்டே போகிறது என்கிறாய். பேரன் பிறந்தநாள் கேக்கில் எத்தனை துண்டு உள்ளே போனது என்று மட்டும் எழுதவில்லை, பார்த்தாயா.

இங்கே வெயில்தான். வேலூர் வெயிலைப் பற்றி உனக்கு நான் சொல்ல வேண்டுமா? என் முழங்கால் பரவாயில்லை, படி ஏறும்போது மட்டும் அழும். சேதி இவ்வளவுதான். உன் கடைசிப் பக்கத்தில் ஒரு வரி இருந்ததே, அதற்குத்தான் இந்தப் பதில்: "தினம் மூணு பிரசங்கம் போன்ல கேக்கறேன், ஆனாலும் உள்ளுக்குள்ள பசியாவே இருக்குடி."

போன வருஷம் வரைக்கும் இது என் கதை.

2020 மார்ச்சில் கோயிலைப் பூட்டினார்களே, அந்த ஈஸ்டர் ஏப்ரல் 12. விடியற்கால ஆராதனை இல்லாமலே பொழுது விடிந்தது. நானும் என் வீட்டுக்காரரும் குளித்து, நல்லதாகக் கட்டிக்கொண்டு, செல்போனைச் சொம்பில் சாய்த்து வைத்து உட்கார்ந்தோம். இரண்டு மாசத்தில் நைட்டியோடு உட்கார ஆரம்பித்தேன். அப்புறம் அடுப்படியிலிருந்தே. பாவ அறிக்கை நேரத்தில் நான் குக்கர் விசிலை எண்ணிக்கொண்டிருந்தேன், போ. கோயிலைத் திறந்த பிறகு முழங்கால் சாக்கு கிடைத்தது. அவர் போன பிறகு சாக்கும் தேவைப்படவில்லை, யாரும் கேட்கவில்லை. மூன்று மாசம் நான் வராதது யார் கண்ணிலும் படவில்லை என்ற கோபம் எனக்கு இன்னும் கொஞ்சம் இருக்கிறது.

பிரசங்கத்துக்கு ஒன்றும் குறைச்சலில்லை. போனில் பேசுகிறவர்கள் எங்கள் ஆயரைவிட நன்றாகவே பேசுகிறார்கள். அவர் ஒரு கதையை ஆரம்பித்தால் நாம்தான் முடித்துக்கொடுக்க வேண்டும். ஆனால் பசி தீரவில்லை. நன்றாகக் கேட்கக் கேட்க இன்னும் ஒன்று, இன்னும் ஒன்று என்று நொறுக்குத்தீனி மாதிரி ஆகிவிட்டது.

ஒரு நாள் நாற்பத்திரண்டாம் சங்கீதம் வாசித்தேன். "மானானது நீரோடைகளை வாஞ்சித்துக் கதறுவதுபோல" என்று ஞாயிறு பள்ளியில் நீயும் நானும் போட்டிபோட்டு ஒப்பித்தோமே, அதேதான். முதல் வசனத்தோடு நின்றுவிட்டோம், நாலாம் வசனத்தை யாரும் நமக்குச் சொல்லித்தரவில்லை. பண்டிகையை ஆசரிக்கிற ஜனங்களோடே கூட நடந்து தேவாலயத்துக்குப் போவேனே, அதை நினைத்தால் உள்ளம் உருகுகிறதே என்று அந்த ஆள் புலம்புகிறார். அவருக்கு ஜெபிக்கத் தெரிகிறது, பாடத் தெரிகிறது. கூட நடக்கத்தான் ஆளில்லை. அந்தத் தாகத்துக்கு இதுவும் ஒரு காரணம் என்று இந்த வயசில்தான் எனக்கு உறைத்தது.

2021 நவம்பரில் பாலாற்றில் இரு கரையும் தொட்டுத் தண்ணீர் போனதே, ஞாபகம் இருக்கிறதா? டிவியில் நாள் முழுக்கக் காட்டினார்கள். ஆனாலும் ஊரே பாலத்துக்கு ஓடியது. மணலையே பார்த்து வளர்ந்த ஜனம், தண்ணீரின் சத்தத்தைக் காதால் கேட்க வேண்டும் என்று போனார்கள். அவரும் குடை பிடித்துக்கொண்டு போனார். "டிவில காட்டறாங்களே" என்றேன். "அது வேற" என்றார்.

என்னைத் திரும்ப இழுத்துக்கொண்டு போனது கத்திரிக்காய். சிரிக்காதே. அறுப்பின் பண்டிகைக்கு ஏலம் விட ஏதாவது கொடு என்று தெருக்கோடி அக்கா வந்து நின்றாள். தம்பி நிலத்திலிருந்து வந்த இலவம்பாடி முள்ளு கத்திரிக்காய் இருந்தது (2023-இல் அதற்குப் புவிசார் குறியீடு கொடுத்தார்களே, அன்றிலிருந்து தம்பிக்குத் தலைகால் புரியவில்லை). கொண்டுபோய் வைத்தேன். ஒரு கிலோவை நானூறுக்கு எடுத்தவர் திரும்பவும் ஏலத்துக்கே கொடுத்துவிட்டார். அதே கத்திரிக்காய் மூன்று தரம் விலைபோயிற்று! என் வீட்டுக்காரர் செத்த பிறகு அன்றைக்குத்தான் வாய்விட்டுச் சிரித்தேன்.

அதைவிடப் பெரிது, ஆராதனை நடுவில் பக்கத்திலிருப்பவர் கையைப் பிடித்துச் சமாதானம் கொடுத்த நேரம். பக்கத்தில் பீடி சுற்றுகிற பாட்டி ஒருத்தி. என் கையைத் தன் இரண்டு கைக்குள் வைத்துக்கொண்டாள். விரல் நுனியெல்லாம் காய்த்துப்போய், சோப்புப் போட்டும் போகாத புகையிலை வாசம். "சமாதானம்மா" என்றாள். கையை உடனே விடவில்லை. என் முகத்தில் என்ன தெரிந்ததோ.

இந்தக் கை கொடுப்பது நம் தாத்தா காலத்து அமெரிக்க மிஷனரிகளின் ஆற்காடு மிஷன் வழக்கமில்லை. 1947 செப்டம்பர் 27-ஆம் தேதி தென்னிந்தியத் திருச்சபை (சி.எஸ்.ஐ.) ஆன பிறகு, 1950 ஆராதனை முறையில் வந்தது. கேரளத்துச் சிரியன் சபைகளின் பழைய பழக்கம். நம் ஊர்ப்பக்கம் யார் கையை யார் தொடலாம் என்று கணக்கிருந்த காலம் அது. அப்போதே கை கொடுப்பதை எழுதி வைத்தவர்களுக்குத் தைரியம் இருந்திருக்கிறது. போனில் எல்லாம் வரும், இந்தக் கை மட்டும் வராது.

சபை திருந்திவிட்டது என்று நினைத்துக்கொள்ளாதே. கமிட்டித் தேர்தல் வந்தால் இன்றைக்கும் பேச்சுவார்த்தை கிடையாது. என் பின்னால் ஒருவர் எல்லாக் கீர்த்தனையையும் அரைத் தாளம் பிந்திப் பாடுகிறார். முதலில் எரிச்சலாக இருந்தது. ஒரு ஞாயிறு எனக்குத் தொண்டை அடைத்துக் குரல் வரவேயில்லை. புத்தகத்தைப் பிடித்துக்கொண்டு சும்மா நின்றேன். எனக்கும் சேர்த்து அவர் பாடிக்கொண்டிருந்தார், அரைத் தாளம் பிந்தித்தான்.

படுக்கையில் கிடக்கிறவர்களுக்குப் போன் பெரிய உபகாரம், இல்லை என்று சொல்லமாட்டேன். நீ படுக்கையில் இல்லை. கமர்ஷியல் ஸ்ட்ரீட் முழுக்க நடக்கிறாயாம், மகள் சொன்னாள். பெங்களூரில் தமிழ் ஆராதனைக்கா பஞ்சம்? கொண்டுபோய் விடச் சொல் அவளை.

இல்லையென்றால் இங்கே வா. அடுத்த மாசம் முதல் ஞாயிறு திருவிருந்து. சனிக்கிழமை காலை லால்பாக் எக்ஸ்பிரஸில் ஏறினால் மத்தியானச் சாப்பாட்டுக்கு என் வீட்டில் இருப்பாய். எண்ணெய்க் கத்திரிக்காய்தான், கேக் கிடையாது. கோயிலில் இடது பக்கம் மூன்றாவது பெஞ்சு, ஃபேனுக்குக் கீழே. அது இப்போதும் கடகடவென்றுதான் சுற்றுகிறது.

உன் பிரிய சிநேகிதி