மழைக்காலத்தில் ஒருதரம் வந்து படுத்துப் பார்

அன்பு மகளுக்கு,

அப்பா எழுதுகிறேன். நாங்கள் இருவரும் சுகம். சின்னவளுக்கு இருமல் குறைந்துவிட்டது என்று அம்மா சொன்னாள், சந்தோசம்.

நீ வட்ஸ்அப்பில் அனுப்பிய மரக்கூட்டுப் படங்களைப் பார்த்தேன். புல் மூடிய கூரை, வட்டக் கதவு, வட்ட யன்னல் எல்லாம் வடிவாகத்தான் இருக்கின்றன. ஆனால் இதை வாங்கலாமா என்று நீ கேட்ட கேள்விக்குப் போனில் பதில் சொல்ல ஏலாது. நான் தொடங்கினால் அம்மா போனை வாங்கிவிடுவாள். அதனால்தான் எழுதுகிறேன். ஆறுதலாக வாசித்துவிட்டு மருமகனிடமும் கொடு.

லண்டன் வேலையை விட்டுவிட்டு இங்கிலாந்தின் வடமேற்கில் இங்கே கம்பிரியாவில் ஒரு கமக்காரரின் காணியைக் குத்தகைக்கு எடுத்து, பொட் என்கிற மரக்கூடு ஐந்தாறு வாங்கி வைத்து, வெள்ளி இரவு வந்து ஞாயிறு திரும்பும் மலையேறிகளுக்கு வாடகைக்கு விடலாம் என்கிறீர்கள். வேண்டாம் என்று நான் சொல்லப் போவதில்லை. இந்தச் சாமானைச் செய்து விற்றுத்தான் எங்கள் வீட்டு அடுப்பு எரிகிறது. படத்தில் தெரிகிற பக்கத்தைப் பார்த்துக் காசைக் கொடுத்துவிடாதீர்கள், அவ்வளவுதான்.

எங்கள் பட்டறையில் சாதாரண பொட் ஒன்றை எப்படிச் செய்கிறோம் என்று சொல்கிறேன். கீழே இரும்புச் சட்டம். அதன் மேல் தரை. பிறகு ஒட்டுப்பலகையில் மெஷின் வெட்டித் தரும் வளைந்த விலா எலும்புகளை வரிசையாக நிறுத்துவோம். இரண்டு பக்கமும் வளைந்து போய் மேலே கூராகச் சேரும். அதற்கு வெளியே ஒட்டுப்பலகை, அதற்கு மேல் நீரை உள்ளே விடாமல் ஆவியை மட்டும் வெளியே விடும் துணி, பிறகு காற்று ஓடச் சட்டம் அடித்து இடைவெளி, கடைசியாக லார்ச் என்ற ஊசியிலை மரத்தின் பலகை. உள்பக்கம் விலாக்களுக்கு நடுவே குளிர் தாங்கும் பஞ்சு, அதை மூடி ஒரு பிளாஸ்டிக் தாள், அதற்கு மேல் பைன் பலகை. பார்க்க வருபவர்கள் லார்ச்சையும் பைனையும்தான் தடவிப் பார்ப்பார்கள். கூடு நிலைக்குமா உக்குமா என்பதை முடிவு செய்வது இடையில் இருக்கிற அந்தப் பிளாஸ்டிக் தாள்.

ஏன் என்றால், உள்ளே இரண்டு பேர் படுத்தால் விடியும்வரை அவர்கள் விடும் மூச்சிலேயே ஒரு பெரிய தம்ளர் தண்ணீர் காற்றில் கலக்கிறது. தேத்தண்ணீர் வைத்தால் இன்னும் கொஞ்சம். நனைந்த மழைக்கோட்டைக் கதவில் தொங்கவிட்டால் இன்னும் நிறைய. அந்த ஈரம் சூடான காற்றோடு சேர்ந்து வெளியே போகப் பார்க்கும். தாளில் ஒரு ஓட்டை இருந்தால் அதற்குள்ளால் நுழைந்து குளிர்ந்த ஒட்டுப்பலகையில் பட்டுத் தண்ணீராகிவிடும். பெரும்பாலும் அந்த ஓட்டையைப் போடுவது மின்சார வேலைக்காரர்தான். பிளக் பொருத்த ஒரு சதுரம் வெட்டுவார், சுற்றிவர டேப் ஒட்டாமல் மூடியைப் போட்டுவிட்டுப் போய்விடுவார். வேறெங்கோ செய்த ஒரு கூட்டை, உள்ளே மணக்கிறது என்று விடுமுறைப் பார்க் நடத்தும் ஒருவர் எங்களிடம் திருத்தக் கொண்டுவந்தார். உள்பலகையைக் கழற்றிப் பஞ்சைப் பிடித்து இழுத்தேன். பிழியாத சீலை மாதிரிக் கையோடு வந்தது. பின்னால் ஒட்டுப்பலகை கறுத்துப்போய், விரலால் குத்தினால் உள்ளே போகும் நிலை. வெளியே பார்த்தால் புதுச் சாமான்!

வளைந்த சுவரில் இன்னொரு தொல்லை. விறைப்பான நுரைப் பலகையை வளைவுக்குள் வைத்தால் ஓரங்களில் இடைவெளி விழும். கவனமாக வேலை செய்கிறவர் அதை நுரை அடித்து அடைப்பார், மற்றவர் பேசாமல் விட்டுவிடுவார். எனக்கு ஆட்டுக் கம்பளிதான் பிடிக்கும். வளைவோடு வளைந்து போகும், கொஞ்சம் ஈரத்தை வாங்கி வைத்துத் திருப்பி விடும். இங்கத்தைய ஹேர்ட்விக் ஆட்டுக் கம்பளிக்கு விலையே இல்லை. மயிர் வெட்டுகிற கூலிக்கும் காணாது என்று கமக்காரர்கள் புலம்புகிறார்கள். அதையே சுத்தம் செய்து விரிப்பாக வாங்கப் போனால் மட்டும் விலை கொதிக்கும்.

பலகையையும் பார்க்க வேண்டும். முன்பு எல்லோரும் சைபீரியா லார்ச் வாங்கினார்கள். மெதுவாக வளர்ந்த மரம், நெருக்கமான ரேகை. 2022இல் உக்ரைன் போர் தொடங்கிய பிறகு அது இங்கே வருவது நின்றுபோனது. இப்போது ஸ்கொட்லாந்து லார்ச்தான் அதிகம். இந்த நாட்டு லார்ச்சுக்கும் 2009 முதல் ஃபைட்டோப்தோரா என்ற நோய் பிடித்து, காடு காடாக வெட்டுகிறார்கள். வெட்டிய மரம் வேலைக்கு உதவும். ஆனால் வேகமாக வளர்ந்தது, வைரம் ஏறாத வெள்ளைப் பாகம் அதிகம். பனையில் வைரம் பார்த்துச் சிலாகை எடுக்கிற ஊரில் வளர்ந்தவன் நான். உன் அப்பப்பா வெள்ளை இருந்த துண்டை விறகுக்குத்தான் எறிவார். இங்கே அந்தப் பலகையையும் எண்ணெய் பூசி அடித்துவிடுகிறார்கள். பலகையின் ஓரத்தில் வெளிறிய பட்டை தெரிகிறதா என்று பாருங்கள். ஆணியையும் பாருங்கள். துருப்பிடிக்காத எஃகு ஆணியாக இல்லாவிட்டால் லார்ச்சின் சாறு பட்டு ஒவ்வொரு ஆணித் தலைக்குக் கீழும் கறுப்புக் கோடு வடியும். ஒரு மாரி போதும் அது தெரிய.

இனி நீ ஆசைப்படுகிற அந்த வட்டக் கதவு வீடு. முதலில், உங்கள் பெயர்ப்பலகையில் ஹாபிட் என்று எழுதிவிடாதீர்கள். டோல்கீன் எழுதிய கதையில் இப்படி வட்டக் கதவு வீட்டில் வாழ்கிற குள்ளர்களின் பெயர் அது. 2012இல் சவுத்ஹாம்டனில் அந்தப் பெயரோடு பல வருடமாக இருந்த ஒரு பப்புக்கே, பெயர் உரிமை வைத்திருந்த அமெரிக்கக் கொம்பனி வக்கீல் கடிதம் அனுப்பியது. நடிகர்கள் ஸ்டீபன் ஃப்ரையும் இயன் மெக்கெல்லனும் உரிமைக் கட்டணத்தைத் தாங்கள் கட்டுவதாக முன்வந்தார்கள். உங்களுக்கு அப்படி யாரும் வரமாட்டார்கள்.

இரண்டாவது, மண். கூரையில் 10 சென்டிமீட்டர் மண் போட்டு அது நனைந்தால் ஒரு சதுர மீட்டருக்கு 150 கிலோவுக்கு மேல் வரும். அதைத் தாங்கும்படி செய்தால் விலை ஏறும், செய்யாவிட்டால் கூரை இறங்கும். சட்டச் சிக்கலும் இருக்கிறது. பொட், ஆட்டிடையர் வண்டி என்கிற சக்கரம் வைத்த கூடு எல்லாவற்றையும் பெரும்பாலும் காரவன், அதாவது நகர்த்தக்கூடிய வீடு, என்ற கணக்கில்தான் வைக்கிறார்கள். 1960ஆம், 1968ஆம் ஆண்டுச் சட்டங்கள்தான் காரவன் எது என்று சொல்கின்றன. 2006இல் இங்கிலாந்தில் அளவைக் கூட்டினார்கள்: நீளம் 20 மீட்டர், அகலம் 6.8, உள்ளுயரம் 3.05. அந்த அளவுக்குள் இருந்தால் மட்டும் போதாது, ஓரிடத்திலிருந்து இன்னோரிடத்துக்கு நகர்த்தக்கூடியதாகவும் இருக்க வேண்டும். சுற்றிவர மண்ணைக் குவித்துப் புல் வளர்த்த சாமானை எப்படி நகர்த்துவாய் என்று அதிகாரி கேட்டால் என்ன சொல்லுவாய்? கட்டடம் என்று முடிவானால் கதை வேறு.

மருமகன் சொன்ன 60 நாள் அனுமதி பற்றி: அது உண்மை. 2023இல் வந்தது, வருடத்தில் 60 நாளுக்கு 50 இடம் வரை முன்அனுமதி கேட்காமல் வைக்கலாம். ஆனால் அது கூடாரத்துக்கும், காம்பர்வான் என்கிற படுக்கை வைத்த வானுக்கும்தான், காரவனுக்கு இல்லை. உங்களுக்குத் திட்ட அனுமதியும் வேண்டும், காணியில் காரவன் வைக்கிற உரிமமும் வேண்டும். லேக் டிஸ்ட்ரிக்ட் தேசியப் பூங்கா எல்லைக்குள் என்றால் இன்னும் இறுக்கம். 2017இல் யுனெஸ்கோ பட்டியலில் சேர்ந்த இடம், லேசில் விடமாட்டார்கள். குத்தகையில் கையெழுத்துப் போடுவதற்கு முன்பு இதைக் கேளுங்கள், பிறகு அல்ல.

என்னைக் கேட்டால் ஆட்டிடையர் வண்டிதான் நல்லது. வார்ப்பிரும்புச் சக்கரத்தில் நிலத்தைவிட்டு உயர்ந்து நிற்கும், அடியில் காற்று ஓடும், வளைந்த தகரக் கூரை ஓரத்தில் கொஞ்சம் வெளியே நீட்டி நிற்கும். பொட்டுக்குத் தாழ்வாரமே கிடையாது. கூரையில் விழுந்த மழை முழுவதும் சுவர் வழியாகத்தான் நிலத்துக்கு வரும். மழை பெய்கிற ஊரில் தாழ்வாரம் இல்லாமல் யார் வீடு கட்டுவார்கள்! முன்னாள் பிரதமர் கமரன் 2017இல் 25,000 பவுணுக்கு ஒரு வண்டி வாங்கித் தோட்டத்தில் வைத்த பிறகு இதற்கு இன்னும் மவுசு. விலையைப் பற்றி நான் ஒன்றும் சொல்லவில்லை.

எதை வாங்கினாலும், ஓடர் கொடுக்க முன்பு ஒரு அளவுநாடாவோடு காணிக்குப் போகிற பாதையில் நடந்து பாருங்கள். லொறிச் சுமை 2.9 மீட்டர் அகலத்தைத் தாண்டினால் இரண்டு வேலை நாளுக்கு முன்பே பொலிசுக்கு அறிவிக்க வேண்டும். அது கடதாசி வேலை, செய்யலாம். இரண்டு பக்கமும் கல்மதில் இருக்கிற ஒழுங்கையில் ஒரு வளைவு வந்தால் எந்தக் கடதாசியும் உதவாது. கிரேன் நிற்க இறுகிய நிலமும் வேண்டும். தாழ்ந்த காணி என்றால் ஓடைக்கரைப் பக்கம் போகவே வேண்டாம். 2015 மார்கழியில் இங்கத்தைய ஹொனிஸ்டர் கணவாயில் 24 மணி நேரத்தில் 341.4 மில்லிமீட்டர் மழை கொட்டியது. அந்தத் தண்ணீர் எல்லாம் கீழேதான் வந்தது.

இப்போது மலை ஏற வருபவர்கள். நீ கணக்கில் வெளியே இருந்து குளிக்கும் சூடான தண்ணீர்த் தொட்டி போட்டிருக்கிறாய், ஈரம் உலர்த்த ஒரு அறை போடவில்லை. நான் சனிக்கிழமைகளில் வேலைத்தளப் பெடியன்களோடு ஏறப் போவதால் சொல்கிறேன். கிளென்ரிடிங் ஊரிலிருந்து ஹெல்வெலின் மலைக்கு ஏற்றம் மட்டும் 800 மீட்டர் அளவு, உச்சி 950. 1892இல் நெய்ஸ்மித் என்ற ஸ்கொட்லாந்துக்காரர் ஒரு கணக்குச் சொன்னார்: 3 மைலுக்கு ஒரு மணி, அதோடு 2000 அடி ஏற்றத்துக்கு இன்னும் ஒரு மணி. இன்றைக்கும் அதை வைத்துத்தான் புறப்படுகிறோம். போய் வரக் கிட்டத்தட்ட ஒரு முழுநாள். அதில் பாதி நேரம் மழை. இறங்கி வருகிற ஒருவருடைய சப்பாத்தைக் கவிழ்த்தால் தண்ணீர் ஊற்றும். நான்கு பேருடைய சப்பாத்தும் காலுறையும் கோட்டும் ஒரு சின்ன மரக்கூட்டுக்குள், ஹீட்டருக்கு முன்னால், இரவு முழுக்க! நான் மேலே சொன்ன பிளாஸ்டிக் தாளும் டேப்பும் எதற்கு என்று இப்போது விளங்கும். தனியாக ஒரு தகரக் கொட்டில், ஈரம் உறிஞ்சும் மெஷின், சப்பாத்து கவிழ்த்து வைக்க மர முளைகள் போதும். மலையேறி அதற்காகத்தான் இரண்டாம் முறையும் வருவான். தொட்டிக்கு வருகிற கூட்டம் வேறு, அவர்கள் இரவு இரண்டு மணிக்கும் பாட்டுப் போடுவார்கள்.

ஒவ்வொரு கூட்டிலும் கார்பன் மொனொக்சைட் அலாரம் வையுங்கள். மழைக்குப் பயந்து பாபிக்யூ அடுப்பை உள்ளே கொண்டுவந்து, அணைந்துவிட்டது என்று நினைத்துப் படுத்துச் செத்த சம்பவங்கள் இந்த நாட்டில் நடந்திருக்கின்றன. சுவரில் எழுதி ஒட்டினால் மட்டும் போதாது, வந்தவுடன் வாயால் சொல்ல வேண்டும். வழிகாட்டியோடு நடை என்று விளம்பரம் செய்வதென்றால் மவுண்டன் லீடர் தகுதி உள்ளவரைப் பிடியுங்கள். மருமகன் தானே கூட்டிப் போகலாம் என்று நினைக்க வேண்டாம் என்று என் சார்பில் பக்குவமாகச் சொல்லு. பனிக்காலத்துக்கு வேறு தகுதி. மலையில் விசில் ஆறு தரம் ஊதினால் உதவி கேட்கிறார்கள் என்று அர்த்தம். 999 அடித்துப் பொலிசைக் கேட்டு மலை மீட்புக் குழுவைக் கூப்பிட வேண்டும். அவர்கள் எல்லோரும் சம்பளம் இல்லாமல் வருகிற ஊர்ச்சனம். தேவையில்லாமல் அவர்களை எழுப்புகிற ஆளாக உங்கள் இடம் பெயர் எடுக்கக் கூடாது.

அம்மாவையும் ஒருதரம் கட்பெல்ஸ் மலைக்குக் கூட்டிப் போனேன். 451 மீட்டர்தான், குழந்தைகளும் ஏறுவார்கள். பாதியில் இருந்துவிட்டு, "மேலே ஒரு கோயில்கூட இல்லை, எதற்கு இந்தப் பாடு?" என்றாள். யாழ்ப்பாணத்தாருக்கு மலை என்றால் கீரிமலைதான், அங்கேயும் ஏற ஒன்றுமில்லை. எனக்கென்னவோ பிடித்துப் போய்விட்டது.

அதனால் நான் சொல்வது இதுதான். ஆடி ஆவணியில் வந்து பார்த்து முடிவெடுக்காதீர்கள், அப்போது எல்லாக் கூடும் நன்றாகத்தான் இருக்கும். பதினோராம் மாதம் ஒரு வெள்ளிக்கிழமை வாருங்கள். எங்கள் வீட்டில் தங்க வேண்டாம். நீங்கள் வாங்க நினைக்கிற அதே வகை பொட் ஒன்றில் இரண்டு இரவு படுங்கள். சனிக்கிழமை மூவரும் நனைய நனைய ஏறிவிட்டு வருவோம். ஞாயிறு விடிய மெத்தையைத் தூக்கி அடியில் கை வைத்துப் பார், கட்டிலின் தலைமாட்டுச் சுவரை மணந்து பார். மருமகன் ஒரு டோர்ச்சோடு கூட்டுக்கு அடியில் படுத்து இரும்புச் சட்டத்தையும் தரையின் அடியையும் பார்க்கட்டும். நானும் வருவேன், வாங்குகிற மாதிரி நடிக்கமாட்டேன், சும்மா பக்கத்தில் நிற்பேன். அதற்குப் பிறகும் ஆசை குறையாவிட்டால் காசு பற்றிப் பேசுவோம். என்னிடம் கொஞ்சம் இருக்கிறது.

சின்னவளை அம்மாவிடம் விடலாம். அவளுக்கு ஒடியல் கூழ் காய்ச்சப் போவதாக இப்போதே சொல்லிக்கொண்டு திரிகிறாள். மருமகனுக்குக் கணுக்காலுக்கு மேல் வருகிற சப்பாத்து வாங்கு, இப்போதே வாங்கினால்தான் வீட்டுக்குள் போட்டு நடந்து பழக்கலாம். எந்தக் கிழமை என்று இந்த மாதத்துக்குள் சொல்லு, நல்ல இடங்கள் மாரியிலும் நிரம்பிவிடும்.

அன்புடன்,
அப்பா