மாரித் தண்ணீரை எல்லாம் கடலுக்கு அனுப்பாதீர்கள்

யாழ்ப்பாண மாநகர சபையின் முதல்வருக்கும் உறுப்பினர்களுக்கும்,

வணக்கம்.

2008 இல் நிஷா, 2020 இல் புரெவி, 2024 இல் பெங்கல். ஒவ்வொரு புயலுக்குப் பிறகும் ஊரில் ஒரே கேள்விதான் எழுகிறது: வெள்ளத்தை எப்படி விரைவாகக் கடலில் விடுவது? பொம்மைவெளியிலும் நாவாந்துறையிலும் வீட்டுக்குள் தண்ணீர் நிற்கும்போது அப்படிக் கேட்பது நியாயம். அந்த மக்களைத்தான் முதலில் பார்க்கவேண்டும். ஆனால் நமக்கு வற்றாத ஆறு இல்லை. வழுக்கையாறும் மாரியில் மட்டும் ஓடுவது. சித்திரையில் கிணற்றில் அள்ளுவது ஐப்பசி, கார்த்திகையில் பெய்த மழையைத்தான்.

நமக்குக் கீழே இருப்பது சுண்ணாம்புக்கல். அதன் வெடிப்புகளுக்குள், பாரமான உவர்நீரின் மேல் நன்னீர் மிதந்து நிற்கிறது. கடல் மட்டத்துக்கு மேல் 1 அடி நன்னீர் இருந்தால் கீழே ஏறக்குறைய 40 அடிக்கு நன்னீர் இருக்கும் என்பது நிலத்தடி நீர் படித்தவர்களின் பழைய கணக்கு. அப்படியானால் மேலே 1 அடி குறைந்தால் கீழிருந்து உவர் எவ்வளவு ஏறும் என்று யோசித்துப் பாருங்கள்.

ஆரியகுளம், புல்லுக்குளம், பிரப்பங்குளம், நாயன்மார்கட்டுக் குளம் என்று நகருக்குள் இத்தனை குளங்கள் இருப்பது அழகுக்கு அல்ல. மழை வந்து தங்கி, தெளிந்து, மெல்ல நிலத்துக்குள் இறங்குவதற்கு. 2021 இல் ஆரியகுளம் துப்புரவானபோது உண்மையாகவே மகிழ்ந்தேன். இருந்தாலும் சுற்றிவர நடைபாதையும் விளக்கும் போட்டால் மட்டும் போதாது. தண்ணீர் வரும் வாய்க்கால் திறந்திருக்கவேண்டும். வாய்க்காலை மதில் மறித்தால் குளத்துக்குப் போகவேண்டிய வெள்ளம் ஒழுங்கைக்குள்தான் நிற்கும்.

தெருவெள்ளத்தை நேரே கிணற்றுக்குள் விடலாம் என்றும் சிலர் சொல்கிறார்கள். தயவுசெய்து அதைச் செய்யாதீர்கள். வளவுக்கு வளவு மலசலகூடக் குழி இருக்கிற ஊர் இது. சுண்ணாம்புக்கல் அழுக்கை வடிகட்டாது, வேகமாகக் கடத்திவிடும். கூரைத் தண்ணீர் வேறு, கான் தண்ணீர் வேறு. கூரைத் தண்ணீரை மணலும் சல்லியும் போட்ட குழி வழியாக வளவுக்குள்ளேயே இறக்கலாம். கான் தண்ணீர் குளத்தில் தங்கித் தெளியட்டும். அதற்கு முன் கானுக்குள் கழிவுக் குழாய் விடுவதை நிறுத்தவேண்டும்.

தாளையடியில் 2024 ஆகஸ்டில் திறந்த கடல்நீர் சுத்திகரிப்பு நிலையம் நாளொன்றுக்கு 24,000 கன மீற்றர் குடிநீர் தரக்கூடியது. நல்ல விஷயம், தேவையும்கூட. ஆனால் அது மின்சாரம் குடித்து ஓடுவது. அது இருக்கிறதே என்று குளங்களைக் கைவிட்டால் கிணறுகளும் போய்விடும்.

அடுத்த ஐப்பசிக்கு முன் நகரின் ஒவ்வொரு குளத்தையும் அளந்து எல்லைக்கல் நடுங்கள். அந்த வரைபடத்தைச் சபை வாசலில் எல்லாரும் பார்க்க வையுங்கள். வாய்க்காலில் நிற்கும் தடையை, அது யாருடைய மதிலாக இருந்தாலும், அகற்றுங்கள். புதுக் கட்டடத்துக்கு அனுமதி கொடுக்கும்போது கூரைத் தண்ணீர்க் குழியைக் கட்டாயமாக்குங்கள். குளத்துக் காணியில் ஒரு பரப்பையும் இனி எந்தத் தேவைக்கும் நிரவ விடாதீர்கள்.

இப்படிக்கு,
சோலைவரி செலுத்தும் ஒரு நகரவாசி