பூங்காவும் அதன் காவலர்களும்: பெற்றோருக்கு ஒரு கடிதம்

அன்புள்ள பெற்றோர்களுக்கு,

வணக்கம். அடுத்த பருவத்திலிருந்து மூன்றாம், நான்காம், ஐந்தாம் வகுப்புப் பிள்ளைகளை வாரம் ஒருமுறை நகரப் பூங்காவுக்கு அழைத்துச் செல்லப் போகிறோம். மரம், பூச்சி, மண் பற்றிய பாடங்களை அங்கேயே நடத்துவதாகத் திட்டம். இதைச் சொன்னதும் உங்களில் பலர், "யார் யாரோ வந்துபோகிற இடமாச்சே, பிள்ளைகளுக்குப் பாதுகாப்பா?" என்று கேட்டீர்கள். கேட்க வேண்டிய கேள்விதான். ஆசிரியர்கள் கூடவே இருப்பார்கள் என்பது பாதி பதில். மீதி பதில் அங்கே வேலை பார்க்கும் பூங்காக் காவலர்கள். அவர்களைப் பற்றித்தான் இந்தக் கடிதம்.

பூங்காக் காவலர் என்றால் விசில் ஊதி விரட்டுகிறவர் என்றுதான் பிள்ளைகள் நினைக்கிறார்கள். ஆனால் அவருடைய வேலையில் பெரும்பங்கு கூட்டம் வருவதற்கு முன்பே முடிந்துவிடும். ஊஞ்சல் சங்கிலியும் கொக்கியும் தேய்ந்திருக்கின்றனவா, ஏணியில் ஆணி துருத்திக்கொண்டிருக்கிறதா, மணலில் கண்ணாடிச் சில்லு கிடக்கிறதா, ராத்திரி அடித்த காற்றில் முறிந்த கிளை மேலேயே தொங்குகிறதா என்று நடந்து நடந்து பார்ப்பார். தொங்கும் கிளை பொல்லாதது. காற்று நின்று வெகுநேரம் கழித்தும் விழும். அதனால்தான் நல்ல நிழல் இருக்கும் மரத்தடியைச் சுற்றிச் சில நாட்களில் கயிறு கட்டியிருப்பார். அந்தக் கயிற்றைத் தாண்டிப் போய் உட்கார்ந்து, பிள்ளைகளுக்கு அதைப் பழக்கிவிடாதீர்கள்.

விளையாட்டுத் திடலில் அவர் சொல்லும் சில விஷயங்கள் நமக்குக் கெடுபிடியாகத் தோன்றும். காரணம் தெரிந்தால் அப்படித் தோன்றாது. சின்னக் குழந்தையை மடியில் வைத்துக்கொண்டு சறுக்க வேண்டாம் என்பார். மடியில் இருந்தால் பத்திரம் என்றுதானே நாம் நினைக்கிறோம்? தனியாகச் சறுக்கும் குழந்தையின் கால் ஓரத்தில் மாட்டினால் குழந்தை பெரும்பாலும் அங்கேயே நின்றுவிடும். மடியில் இருந்தாலோ, பெரியவரின் எடையும் சேர்ந்து கீழே இழுக்கும். முழங்காலுக்குக் கீழே எலும்பு முறிவது இப்படித்தான். சைக்கிளில் வந்த பிள்ளையை, ஹெல்மெட்டைக் கழற்றிவிட்டு ஏணியிலோ சறுக்குமரத்திலோ ஏறச் சொல்வார். உடல் நுழைந்துவிடும் சந்தில் ஹெல்மெட் போட்ட தலை சிக்கிக்கொள்ளும், வார் கழுத்தை இறுக்கும். சட்டைக் கழுத்தில் தொங்கும் கயிறும் அதே ஆபத்துதான்.

கம்பிகளுக்கு இடையே உள்ள இடைவெளியையும் அவர் கவனிப்பார். சுமார் 9 சென்டிமீட்டருக்கும் 23 சென்டிமீட்டருக்கும் நடுவில் இருந்தால் உடல் நுழைந்து தலை சிக்கிக்கொள்ளக்கூடிய அளவு என்று திடல் பாதுகாப்பு விதிகள் சொல்கின்றன. அதைவிடச் சிறிதானால் உடலே நுழையாது. பெரிதானால் தலையும் வெளியே வந்துவிடும். அப்புறம் வெயில். சறுக்குமரம் தகரமானாலும் பிளாஸ்டிக்கானாலும் தோல் பொசுங்கும் அளவுக்குச் சுடும். மதியத்தில் அதை அவர் மூடி வைத்திருந்தால் நன்றி சொல்லுங்கள்.

அவருடைய அதிகாரம் ஊருக்கு ஊர் மாறும். சில நகரங்களில் அபராதம் போடலாம். பல இடங்களில் சொல்லிப் பார்க்கத்தான் முடியும். மீறினால் போலீஸைத்தான் கூப்பிட வேண்டும். நாயைக் கயிற்றில் பிடித்துக்கொள்ளுங்கள், நடைபாதையில் சைக்கிள் ஓட்டாதீர்கள் என்று அவர் சொல்லும்போது, பெரியவர்களாகிய நாம் எதிர்த்து வாதாடினால், அடுத்த முறை நம் பிள்ளையிடம் அவர் சொல்லும் வார்த்தைக்கு என்ன மதிப்பு இருக்கும்?

1970களின் நிதி நெருக்கடியில் நியூயார்க் நகரப் பூங்காக்கள் பராமரிப்பில்லாமல் சீரழிந்து போயின. 1979இல் அந்த நகரம் தனியாகப் பூங்காக் காவலர் பிரிவு ஒன்றைத் தொடங்கியது. ரோந்து சுற்றுவதோடு, வந்தவர்களைக் கூட்டிப்போய் மரத்தையும் பறவையையும் காட்டுவதும் அவர்களுடைய வேலையாக இருந்தது. இன்றும் அப்படித்தான். இது எனக்கு மிகவும் பிடித்த ஏற்பாடு. குடும்பங்கள் விரும்பி வந்துபோகிற பூங்காவில் தப்பு செய்ய நினைப்பவருக்கு ஒளிய இடம் குறைவு.

வீட்டில் நீங்கள் பிள்ளைகளுக்குச் சொல்லித்தர வேண்டியவை சில உண்டு. கூட்டத்தில் நம்மைக் காணவில்லையென்றால் தேடி ஓடக் கூடாது. நின்ற இடத்திலேயே நிற்க வேண்டும், கூப்பிட வேண்டும். சீருடையில் காவலர் கண்ணில் பட்டால் அவரிடம் சொல்லலாம். ஆனால் யார் கூப்பிட்டாலும், சீருடையில் இருந்தாலும், ஆசிரியருக்கோ பெற்றோருக்கோ தெரியாமல் பூங்காவை விட்டு வெளியே போகக் கூடாது. இதை அழுத்திச் சொல்லுங்கள். நல்ல காவலர் குழந்தையை நாலு பேர் பார்க்கும் இடத்திலேயே வைத்துக்கொண்டுதான் பெற்றோரைத் தேடுவார். உங்கள் போன் நம்பர் பிள்ளைக்கு மனப்பாடமாகத் தெரியட்டும். பூங்காவுக்குக் கிளம்பும் காலையில் பிள்ளையைப் போனில் ஒரு படம் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். என்ன நிறச் சட்டை என்பது பதற்றத்தில் நினைவுக்கு வராது.

இடி கேட்டால் பாடத்தை அங்கேயே நிறுத்திவிட்டுக் கட்டடத்துக்குள் போய்விடுவோம். கடைசி இடி கேட்டு 30 நிமிடம் ஆகும்வரை வெளியே வர மாட்டோம். அன்று பிள்ளைகள் வீடு வரத் தாமதமானால் பதற வேண்டாம்.

ஜூலை 31 உலக ரேஞ்சர் நாள். காடுகளையும் பூங்காக்களையும் காப்பவர்களுக்காக 2007 முதல் கடைப்பிடிக்கிறார்கள். அன்று காலை வணக்கக் கூட்டத்துக்கு நம் பூங்காக் காவலர்களை அழைக்க நினைத்திருக்கிறேன். பிள்ளைகள் கேள்விகளை எழுதிக் கொண்டுவரட்டும்.

ஒப்புதல் படிவத்தைக் கையெழுத்திட்டு இந்த வெள்ளிக்கிழமைக்குள் வகுப்பாசிரியரிடம் கொடுத்துவிடுங்கள். பிள்ளைக்கு ஒவ்வாமையோ மூச்சிரைப்போ இருந்தால் அதில் தவறாமல் குறிப்பிடுங்கள். கூட வந்து உதவ நேரமுள்ள பெற்றோர் அலுவலகத்தில் பெயர் கொடுக்கலாம்.

இப்படிக்கு,
தலைமையாசிரியர்