மெஷின் வந்த பிறகும் முந்திரி விலை ஏன் ஏறுகிறது? வாடிக்கையாளர்களுக்கு ஒரு மடல்

அன்புள்ள வாடிக்கையாளர்களுக்கு,

வணக்கம். ஏப்ரல் 1 முதல் முழு முந்திரிப் பருப்பு கிலோவுக்கு 40 ரூபாய் கூடுகிறது. இரண்டாக உடைந்ததும் குருணையும் பழைய விலைதான். "பட்டறையில் மெஷின் போட்டாச்சு, ஆள் கூலி மிச்சம், அப்புறம் எதுக்கு விலையை ஏத்தறீங்க?" என்று கல்யாண ஆர்டர் கொடுக்க வந்த பெரியவர் ஒருவர் கேட்டார். நியாயமான கேள்வி. கடையில் கூட்டத்துக்கு நடுவே பதில் சொன்னால் பாதியில் நின்றுவிடும் என்பதால் எழுதியே தருகிறேன்.

கடை திருப்பாதிரிப்புலியூரில் இருந்தாலும் பட்டறை காடாம்புலியூர்ப் பக்கம் இருப்பது உங்களில் பலருக்குத் தெரியும். கொட்டையை ஆவியில் வேகவைத்து, ஆறவிட்டு, உடைத்து, பருப்பை உலர்த்தி, மேல்தோலை உரித்து, தரம் பிரிக்கிறோம். முன்பெல்லாம் உடைப்பது முழுக்கப் பெண்களின் கைவேலை. ஓட்டுக்குள் இருக்கும் எண்ணெய் பட்டால் தோல் வெந்துவிடும். சாம்பலைத் தடவிக்கொண்டுதான் உட்காருவார்கள், அப்படியும் விரல் நுனி கறுத்து உரியும். உடைக்கிற மெஷின் வந்ததில் எனக்கு வருத்தமில்லை, அவர்களுக்கும் இல்லை.

சிக்கல் தோல் உரிப்பில்தான். காற்றை அழுத்தி அடிக்கிற மெஷின், லேசாக ஒட்டியிருக்கும் தோலை நொடியில் பறக்கவிட்டுவிடும். பருப்பின் வளைவில் கெட்டியாக ஒட்டிக்கொண்டதை அப்படியே விட்டுவிடும். இப்போது பெண்களிடம் வருவது அந்தப் பருப்பு மட்டும்தான். சிறு கத்தியின் நுனியால், பருப்பு கீறாமல், ஒவ்வொன்றாகச் சுரண்ட வேண்டும். முன்பு சுலபமானதும் கடினமானதும் கலந்து வந்ததால் கிலோவுக்கு இவ்வளவு என்ற கூலி கட்டுப்படியானது. சுலபமானதை மெஷின் எடுத்துக்கொண்ட பிறகும் அதே கிலோ கணக்கில் கொடுத்தால், நாள் முழுக்கத் தலை நிமிராமல் உரித்தாலும் பழைய கூலி தேறாது. மெஷினைப் பார்த்துக்கொள்ளும் பையனுக்கோ மாதச் சம்பளம் கூடுகிறது. மிச்சமாகும் பணம், மெஷினுக்குச் சொந்தக்காரனான என் கைக்கு வருகிறது. நாட்டில் வருமான ஏற்றத்தாழ்வு என்று பேப்பரில் படிக்கிறோமே, அது எங்கள் ஒரே கொட்டகைக்குள் இப்படித்தான் ஆரம்பிக்கிறது.

கிலோ கணக்கில் வேலை செய்கிறவருக்கும், நாள் கணக்குக்கு நிர்ணயித்த குறைந்தபட்சக் கூலிக்குக் கீழே கொடுக்கக் கூடாது என்று 1948-ஆம் ஆண்டுக் குறைந்தபட்சக் கூலிச் சட்டமே சொன்னது. 2025 நவம்பர் 21-இல் நடைமுறைக்கு வந்த ஊதியச் சட்டத் தொகுப்பிலும் அது இருக்கிறது. குறைந்தபட்சக் கூலிக்குக் கீழே வேலை வாங்குவது கட்டாய உழைப்புதான் என்று 1982-இல், டெல்லி ஆசிய விளையாட்டுப் போட்டிக்கான (ஆசியாட்) கட்டுமானத் தொழிலாளர் வழக்கில், உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்திருக்கிறது. அதனால் தோல் உரிப்புக்கு நாள் கூலி என்று மாற்றிவிட்டோம். ஒரு அளவுக்கு மேல் உரித்தால் தனியாகப் பணம்.

குறைந்தபட்சக் கூலியை எப்படிக் கணக்கிடுகிறார்கள் என்பதில் ஒரு வேடிக்கை உண்டு. 1957-இல் இந்தியத் தொழிலாளர் மாநாடு (அரசு, முதலாளிகள், தொழிற்சங்கங்கள் மூவரும் கூடிப் பேசும் அவை) வகுத்த அளவுகோல்: சம்பாதிப்பவர் ஒருவர், அவரை நம்பிய குடும்பத்தோடு சேர்த்து மூன்று பேர் கணக்கு, ஆளுக்கு நாளொன்றுக்கு 2,700 கலோரி, குடும்பத்துக்கு வருடத்துக்கு 72 கஜம் துணி, அப்புறம் வாடகை, விறகு, விளக்கு. அதில் வீட்டுப் பெண்களின் வருமானத்தைக் கணக்கில் சேர்க்க வேண்டாம் என்றும் சொன்னார்கள். எங்கள் பட்டறையில் பாதி வீடுகளுக்கு அந்தப் பெண்ணின் கூலிதான் உலை வைக்கிறது.

"கூலியை ஏற்றினால் தொழில் வேறு ஊருக்குப் போய்விடும்" என்று சக வியாபாரிகள் சொல்வார்கள். பொய்யில்லை. கேரளத்துக் கொல்லத்தில் கூலி கூடியதும் முந்திரி ஆலைக்காரர்கள் பலர் தமிழ்நாட்டுக்குத்தான் வந்தார்கள். நாளை நம்மைவிட மலிவான மாநிலத்துக்குப் போவார்கள். அதனால்தான் நாடு முழுமைக்கும் ஒரு அடித்தளக் கூலி வேண்டும் என்கிறேன். 2017-இல் மத்திய அரசு அறிவித்த தேசிய அடித்தளக் கூலி நாளொன்றுக்கு 176 ரூபாய், அதுவும் சட்டக் கட்டாயம் இல்லாமல். புதிய சட்டத்தில் அடித்தளக் கூலிக்குக் கீழே எந்த மாநிலமும் போக முடியாது. எவ்வளவு வைக்கிறார்கள் என்பதில்தான் விஷயமே இருக்கிறது. 176-ஐ ஒட்டி வைத்தால் கடலூரில் ஒரு குடும்பம் ரேஷன் அரிசியோடு நின்றுவிடும்.

சரி, 40 ரூபாய்க்கு வருகிறேன். உடைப்பில் மெஷின் மிச்சம் பிடிப்பதில் ஒரு பங்கு வங்கிக் கடனுக்கும் கரண்ட் பில்லுக்கும் போகிறது. மீதி நாள் கூலிக்கு. அதிலும் துண்டு விழுவதைத்தான் நீங்களும் நானும் பகிர்ந்துகொள்கிறோம். என் லாபத்திலும் குறைத்திருக்கிறேன். எவ்வளவு என்று கேட்பவர்களுக்குக் கணக்கு நோட்டையே காட்டுகிறேன், ஒளிக்க ஒன்றுமில்லை. தமிழ்நாட்டில் குறைந்தபட்சக் கூலியோடு சேரும் அகவிலைப்படி ஏப்ரல் 1-இல் சென்னை விலைவாசிக் குறியீட்டை ஒட்டி மாறும் வழக்கம். நாங்களும் அந்தத் தேதியில் மட்டுமே கூலிக்காக விலையைத் தொடுவோம், நடுவில் தொட மாட்டோம். கொட்டை விலை ஏறி இறங்குவது வேறு கதை.

செலவைக் குறைக்க நினைப்பவர்களுக்கு ஒன்று. முழுப் பருப்பின் தர எண் 320 என்றால் ஒரு பவுண்டுக்கு 300 முதல் 320 பருப்பு, 240 என்றால் 220 முதல் 240. எண் குறையக் குறையப் பருப்பு பெரிது, விலையும் கூடுதல். தட்டில் வைத்துக் கொடுக்கத்தான் 240. பாயசத்துக்கும் வெண்பொங்கலுக்கும் இரண்டாக உடைந்ததே போதும், ருசியில் இம்மியும் குறையாது.

மார்ச் 31-க்குள் முன்பணம் கொடுத்த ஆர்டர்களுக்குப் பழைய விலையே. ரசீதைக் கொண்டுவாருங்கள்.

இப்படிக்கு,
கடைக்காரர்,
திருப்பாதிரிப்புலியூர், கடலூர்